புதுப்பிப்பு: எங்கள் உரக்கூட மானிய விண்ணப்பம் என்ன ஆனது?

மட்கும் குப்பையை உரமாக்க எங்கள் குடியிருப்போர் குழு பொது நிதியில் மானியம் கேட்கிறது, உமிழ்வுக் குறைப்பை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் சுற்றைத் தாண்டிவிட்டோம். உரத்தின் தரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மதிப்பீட்டுக் குழு துருவித் துருவிக் கேட்டது ஒன்றைத்தான்: இந்தப் பணம் வராவிட்டால் அந்தக் குப்பை எங்கே போகும்? கிடங்குக்குத்தான். அங்கே காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அப்படித் தவிர்க்கும் மீத்தேனிலிருந்து, உரக்குழியிலேயே கசிவதையும் வண்டிக்கு எரியும் டீசலையும் கழித்துக் காட்டினோம். எண் சிறுத்துப்போனது, ஆனால் அதன்பிறகு மறுகேள்வி வரவில்லை. வாளி வாளியாக எடைபோட்டுக் குறித்த, ஓரமெல்லாம் கறைபடிந்த நோட்டும் கைகொடுத்தது.

உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டத்தைச் சிலர் சொன்னீர்கள். 1992-லிருந்து நடக்கிறது, பணம் நேராக உள்ளூர் அமைப்புகளுக்கே போகிறது. அடுத்த திட்டத்துக்கு அதைப் பார்க்கலாம்.

இப்போதைய தலைவலி வேறு. எந்திரம் வாங்கப் பணம் உண்டு, அதை ஓட்டுபவருக்குச் சம்பளம் கிடையாது! அப்புறம் எப்படி ஓடும்? இதைச் சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.