'டால் டெக்' பொறிக்கு 'உயர்தோள்': ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

> பழைய அமெரிக்க லாரிப் பொறிகளைப் பந்தயக் கார்களுக்கு மாற்றியமைப்பது பற்றி எழுதுகிறேன். 'பிக் பிளாக்' = பெருங்கொள்ளளவுப் பொறி; 'டால் டெக்' = உயர்தளப் பொறி. சரிதானா?

ஐயா, இரண்டுமே ஒத்துவராது என்று நினைக்கிறேன்.

'பிக் பிளாக்' கொள்ளளவைச் சொல்லும் பெயர் அன்று. அமெரிக்கக் கார் நிறுவனமான செவர்லே 1970இல் கொண்டுவந்த 400 கன அங்குலப் பொறி 'ஸ்மால் பிளாக்'. அதே நிறுவனத்தின் 366 கன அங்குல லாரிப் பொறியோ 'பிக் பிளாக்'. கொள்ளளவை வைத்துப் பெயரிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். வேறுபாடு பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் அடங்கிய பொறியுடலின், வார்ப்பில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே சின்னதில் 4.4 அங்குலம், பெரியதில் 4.84 அங்குலம். உடல்வாகை வைத்து வந்த பெயர் என்பதால் 'பேருடல் பொறி', 'சிற்றுடல் பொறி' என்றே சொல்லலாம்.

'டெக்'தான் சிக்கலானது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் உட்காரும், பிளாக்கின் சமமான மேல்முகம் அது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் மையத்திலிருந்து அதுவரை உள்ள உயரம் செவர்லேயின் பேருடல் கார்ப் பொறியில் 9.8 அங்குலம், 366, 427 கன அங்குல லாரிப் பொறிகளில் 10.2 அங்குலம். நாளெல்லாம் பாரம் இழுக்கும் பொறி என்பதால் பிஸ்டனுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு ரிங் (வாயுக் கசிவைத் தடுக்கும் வளையம்) போட்டார்கள். அந்த நான்காவது ரிங்குக்கு இடம் வேண்டியே பிளாக்கை உயர்த்தினார்கள். வேகத்தை விரும்புகிறவர்களுக்கு அந்த உயரம் வேறு வகையில் பயன்படுகிறது. கனமான நான்கு ரிங் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, நீளமான கனெக்டிங் ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) குட்டையான பிஸ்டனும் போடுவார்கள். வீச்சு (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) அதிகமுள்ள கிராங்கையும் வைக்கலாம். 427இன் 4.25 அங்குலத் துளையை (சிலிண்டரின் உள்விட்டம்) அப்படியே வைத்துக்கொண்டு, 3.76 அங்குல வீச்சை 4.25 ஆக்கினால் 482 கன அங்குலம் கிடைத்துவிடும், கிட்டத்தட்ட 7.9 லிட்டர்!

இதற்கு 'உயர்தளம்' ஏன் ஆகாது? 'தாழ்தளப் பேருந்து' நம் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். இந்த லாரிப் பொறிகள் அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளிலும் ஓடியவை. 'உயர்தளப் பேருந்துப் பொறி' என்று எழுதினால், படிப்பவர் படிக்கட்டைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை 'தோள்'. ஹெட்டைத் தலை என்கிறோம். V வடிவப் பொறிக்கு இரண்டு பக்கமும் சரிந்த இரண்டு தோள்கள். 'தோளுயரம்', 'உயர்தோள் பொறி'. இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. இரண்டு பக்கமும் 45 பாகை சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு தோளும் 0.4 அங்குலம் நீண்டால் ஹெட்டுகள் மேலே மட்டும் போவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று அரை அங்குலத்துக்கும் சற்று அதிகமாக விலகுகின்றன. தோளை உயர்த்தினால் அகலமும் கூடுகிறது. இரு ஹெட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்து காற்றை உள்ளே அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு, கார்ப் பொறியினுடையது, அப்படியே பொருந்தாமல், இரு பக்கமும் தகடு வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். உயர்தோளுக்கென்றே வார்த்த மேனிஃபோல்டைப் போட்டால் அது சற்று மேலே உட்காரும். அப்போது அதன்மேல் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிர்வது) பல்சக்கரம், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் பல்லில் முழுதாகப் பதியாது. கழுத்து நீண்ட டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் புஷ்ராடும் 0.4 அங்குலம் நீளமாக வேண்டும்.

அப்புறம், பிஸ்டன், கிராங்க், ரிங் எல்லாவற்றுக்கும் புதுச்சொல் வேண்டாம். பட்டறையில் புழங்குவது புழங்கட்டும்.

அன்புடன்.

———

வணக்கம் அண்ணா. 'பேருடல்' மிகப் பொருத்தம். 'தோள்' பற்றி ஒரு தயக்கம். லேத்தில் தண்டைப் படிவிட்டுக் கடையும்போது அந்தப் படியை 'ஷோல்டர்' என்போம். நாளைக்கு அதையும் தோள் என்று யாராவது எழுதினால்? 'முகவுயரம்' என்று வைத்தால் என்ன? மேற்பரப்பைச் சமமாகச் சீவுவதைப் பட்டறையில் 'ஃபேஸ் அடிப்பது' என்றுதானே சொல்கிறோம்?

———

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் ஃபேஸ் அடிப்பது ஹெட்டுக்கும் உண்டு, பிளாக்குக்கும் உண்டு. 'முகம்' என்றால் எதன் முகம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். தண்டின் படிக்கு அந்தப் 'படி'யே போதும், அழகான சொல்.

———

இருவருக்கும் நன்றி. என் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"பேருடல் லாரிப் பொறிகளில் 366ஐ வேகப் பிரியர்கள் பெரும்பாலும் சீண்டுவதில்லை, அதன் துளை 4 அங்குலம்கூட இல்லை. அவர்கள் தேடுவது உயர்தோள் 427ஐ. அடித்து உருவாக்கிய எஃகுக் கிராங்கும், அதை நான்கு போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும் தாங்கி மூடிகளும் அதில் முன்பே இருக்கின்றன. மாற்ற வேண்டியவை பிஸ்டனும், சின்னத் துவாரங்கள் கொண்ட லாரி ஹெட்டும்."

இதில் 'தாங்கி மூடி' இடிக்கிறது என்றால் சொல்லுங்கள்.