ஆளைப் பின்தொடரும் கேமரா நாய்க்கும் திரும்புகிறது

வாசலில் சுழலும் வைஃபை கேமரா மாட்டினேன். ஆள் நடந்தால் கூடவே திரும்பும் என்றார்கள், ஆனால் தெருநாய், முருங்கைக் கிளை என எது அசைந்தாலும் திரும்பிவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டு மதிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஆப்பில் பொதுவான அசைவை அணைத்துவிட்டு மனிதரை மட்டும் கண்டறியச் சொல்லுங்கள். சில மாடல்களில் 'ஹோம் பொசிஷன்' போல ஒன்று இருக்கும், அதில் கேட்டைக் குறித்துவிட்டால் ஆள் போனதும் தானே அங்கே திரும்பும்.

பதில் 2: எவ்வளவு உயரத்தில் மாட்டினீர்கள்? 8, 10 அடி போதும் சார். மொட்டைமாடி விளிம்பில் வைத்தால் உச்சந்தலைதான் தெரியும், அது ஆளென்றே கேமராவுக்குப் புரியாது.

பதில் 3: வாசலுக்குச் சுழலாத கேமராதான் நல்லது. ஒருவன் பின்னாலேயே இது திரும்பிப் போனால், அந்த நேரத்தில் கேட்டில் நுழைபவன் பதிவாக மாட்டான்.

கேட்டவர்: 12 அடியில் இருந்தது, இறக்கிவிட்டேன். இப்போது நாய்க்குத் திரும்புவதில்லை, சரி. சுழலாத ஒன்றும் வாங்கவேண்டும் போல.