வீட்டில் பார்த்த படங்கள்: ஐந்துக்கு எத்தனை? (கூடவே ஒரு சவுண்டு பிரச்சினை)

முருகேஷ்பாளையா_வாசி:
பெங்களூரு மல்டிபிளெக்ஸில் வார இறுதி டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஓடிடிக்கே வரட்டும் என்று விட்டுவிடத் தோன்றுகிறது. 2024 படங்களில் வீட்டில் பார்க்க எது தேறும்? ஐந்துக்கு எத்தனை என்று போட்டு ரெண்டு வரி சொல்லுங்க. ஸ்பாய்லர் வேண்டாம்.

இன்னொன்று. 43 அங்குல டிவி, சவுண்ட்பார் கிடையாது. வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கு. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக்காட்சியில் கீழ் வீடு வரைக்கும் அதிருது. இது டிவி கோளாறா, படத்தின் கோளாறா?

ஹலசூர்க்காரன்:
மகாராஜா, 3.5. குப்பைத்தொட்டி காணோம் என்று ஸ்டேஷனில் புகார் கொடுக்க வரும் சலூன்காரர். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் காலவரிசையைக் கலைத்துப் போட்டிருக்கிறார், அதைக் கோத்திருக்கும் விதம்தான் படம். கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் எது முன்னே எது பின்னே என்று பிடிபடாது. முழுசாக நாலு போடாததற்குக் காரணம், பெண் மீதான வன்முறையைக் கடைசித் திருப்பத்துக்கு எரிபொருளாக்கியது. இசை அஜனீஷ் லோக்நாத், 'காந்தாரா'வுக்கும் அவர்தான், நம்ம கன்னட நண்பர்களுக்குச் சொல்லிவையுங்க.

லப்பர் பந்து, 4. கிரிக்கெட் படம் மாதிரி ஆரம்பித்து மாமனார்-மருமகன் ஈகோவில் நுழைந்து, யாரை டீமில் சேர்ப்பது என்ற சாதிக் கேள்வியில் வந்து நிற்கும். எங்கேயும் பிரசங்கம் பண்ணவில்லை. தினேஷ் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் வரும் அந்த விஜயகாந்த் பாட்டை வைத்தே அவர் வயசையும் காலத்தையும் சொல்லிவிடுகிறார்கள். ஸ்வாசிகா கோபம் ஒவ்வொன்றும் நிஜம். குடும்பத்தோடு பார்க்க முதல் சாய்ஸ் இது.

மெய்யழகன், 4. திரைக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். கல்யாண மேடையில் அண்ணன் கொண்டுவந்த பரிசை அங்கேயே பிரித்து நகையைப் போட்டுக்கொள்ளும் தங்கச்சி, அந்த ஒரு காட்சிக்கே பார்க்கலாம்.

கொட்டுக்காளி, 4.5. பின்னணி இசையே இல்லை. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, மனிதர்களின் மூச்சு அவ்வளவுதான். சூரி தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பேசுவார், அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறக்கமாட்டார். வழியை மறித்து நிற்கும் காளையை ஒரு சின்னப் பொண்ணு வந்து ஓட்டிக்கொண்டு போகும் காட்சியை மட்டும் கவனிங்க, இத்தனை ஆம்பளைகளும் ஓரமாக நிற்பார்கள். மிக்ஸி ஓடும் நேரத்தில் இந்தப் படத்தைப் போடாதீங்க.

டெசிபல்:
சவுண்டு விஷயத்துக்கு வருகிறேன். டிவி கெட்டுப்போகவில்லை, படமும் கெட்டுப்போகவில்லை. தியேட்டருக்கான மிக்ஸ் (வசனம், இசை, சத்தங்களின் கலவை) செய்வது 85 டெசிபல் அளவுகோலை வைத்து. அதில் மெல்லிய பேச்சுக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடைவெளி ரொம்ப அதிகம். அது அப்படியே வீட்டுக்கு வந்தால் இதுதான் நடக்கும். நெட்ஃப்ளிக்ஸ் தனக்கு வரும் மிக்ஸில் வசனத்தின் சராசரியை மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), கூடக்குறைய 2, என்று கேட்கிறது. அப்படியும் வெடிச் சத்தம் அதைத் தாண்டி மேலே போகத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம்: 5.1-ல் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) வசனம் நடு ஸ்பீக்கரில் இருக்கும். உங்க டிவியில் நடு ஸ்பீக்கரே கிடையாது. அதை 3 டெசிபல் குறைத்து இடது, வலது இரண்டிலும் பிரித்துக் கலக்கிறது, மேலே பின்பக்க ஸ்பீக்கர்களின் சத்தமும் வந்து மூடிக்கொள்ளும். டிவி ஸ்பீக்கர் கீழே பார்த்து இருப்பதால் இன்னும் மோசம்.

முதலில் ஆடியோ மெனுவில் 'தமிழ் 5.1' தவிர வெறும் 'தமிழ்' (இடது-வலது ஸ்டீரியோ) என்று இருந்தால் அதை எடுங்க. டிவி செட்டிங்கில் விர்ச்சுவல் சரவுண்டை அணையுங்க, குரலைத் தூக்கிக் காட்டும் மோடு (கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்) போடுங்க. மெல்லிய சத்தத்தைக் கூட்டி, பெரிய சத்தத்தைக் குறைக்கும் நைட் மோடு அல்லது ஆட்டோ வால்யூம் இருந்தால் இரவில் மட்டும் போடுங்க. எந்நேரமும் போட்டுவைத்தால் கொட்டுக்காளி மாதிரிப் படத்தில் அமைதியையும் இழுத்து மேலே கொண்டுவந்துவிடும், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

ராமமூர்த்திநகர்_ரசிகை:
மெய்யழகனுக்கு 4 கொஞ்சம் தாராளம். எனக்கு 3. முதல் ஒரு மணி நேரம் அபாரம், அப்புறம் கார்த்தி பாத்திரம் பேசிப் பேசியே நம்மைக் களைக்க வைக்கும். வீட்டில் என்பதால் இடைவேளையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம், அது ஒரு வசதி.

பட்டியலில் இல்லாத ஒன்று: பிரம்மயுகம், 4.5. கறுப்பு-வெள்ளை, மழை, ஒரு பாழடைந்த பெரிய வீடு, மம்மூட்டி. டப்பிங் போடாமல் மலையாளத்திலேயே பாருங்க. அந்தக் குரலை எடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இந்தப் படத்தை வைத்து டிவியையும் சோதிக்கலாம். வெள்ளை நீலம் பாய்ந்து தெரிந்தால் கலர் டெம்ப்ரேச்சர் 'கூல்'-ல் இருக்கிறது என்று அர்த்தம், 'வார்ம்'-க்கு மாற்றுங்க. ஆள் நகரும்போது சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு தெரிந்தால் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் நொடிக்கு 24 பிரேம், டிவி நடுவில் சொந்தமாகப் பிரேம் தயாரித்துச் சொருகுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும், அணைத்துவிடுங்க. ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் ஒரே தட்டில் வேலை முடிந்தது. முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தெரியும், கண் பழகும். அதற்காகப் பிரைட்னஸ் ஏற்றாதீங்க, கறுப்பு சாம்பலாகிவிடும். ஹால் டியூப்லைட்டை அணைத்தால் போதும்.

முருகேஷ்பாளையா_வாசி:
நன்றி. வெறும் 'தமிழ்' ட்ராக் மாற்றியதிலேயே வித்தியாசம் தெரியுது. சவுண்ட்பார் வாங்கினால் எது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போகலாமா?

டெசிபல்:
கேபிளுக்கு எஸ்.பி. ரோடு போங்க, சவுண்ட்பாரை வாரண்டியோடு வாங்குங்க. 2.1 வேண்டாம், அதில் தனி நடு ஸ்பீக்கர் கிடையாது. 3.1 எடுங்க, சென்டரை 2 அல்லது 3 ஏற்றி, சப்வூஃபரை அதே அளவு இறக்குங்க. சப்வூஃபரைத் தரையில் நேராக வைக்காமல் தடித்த ரப்பர் பேட் மேல் வையுங்க, சுவர் மூலையில் ஒட்டிவைத்தால் பேஸ் இன்னும் ஊதும். டிவியில் ஏஆர்சி (டிவி சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் சொருகணும், மற்றதில் சொருகினால் சத்தமே வராது.

உதடும் ஒலியும் பொருந்தாமல் போனால்: ஒலி முந்தி வந்தால் ஆடியோ டிலேயைக் கூட்டுங்க. பிந்தி வந்தால் டிலேயால் ஒன்றும் ஆகாது, அது தாமதத்தைச் சேர்க்க மட்டுமே தெரிந்தது. அப்போது டிலேயைப் பூஜ்யமாக்கி, டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) பாஸ்-த்ரூவுக்கோ (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது), மறுபடி பிசிஎம்முக்கோ மாற்றிப் பாருங்க.