தரவுத் தாளின் 9ஆம் பகுதியும் 14ஆம் பகுதியும் முரண்பட்டால் என்ன செய்வது?

கேள்வி – சரக்குமேசை

வணக்கம். கப்பல் சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். 200 லிட்டர் டிரம்களில் செல்லவிருக்கும் ஒரு ரெசின் கரைசலின் பாதுகாப்புத் தரவுத் தாளில், 14ஆம் பகுதி ‘போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லை’ என்கிறது. ஆனால் 9ஆம் பகுதியில் ஃப்ளாஷ் பாயின்ட் (திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) 43 டிகிரி செல்சியஸ், மூடிய கலன் சோதனை, என்று இருக்கிறது. சாதாரணச் சரக்காகவே புக்கிங் செய்யுமாறு, சரக்கை அனுப்பும் ஷிப்பர் வற்புறுத்துகிறார். தாளைத் தயாரித்தவர் வேதியியல் அறிந்தவராயிற்றே என்று மறுக்கத் தயங்குகிறேன். எது முறை?

மறுமொழி – பழைய கணக்கு

தயங்காமல் நிறுத்தி வையுங்கள். கடல்வழி அபாயச் சரக்குக்கான பன்னாட்டு ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பின்படி, மூடிய கலன் சோதனையில் ஃப்ளாஷ் பாயின்ட் 60 டிகிரி அல்லது அதற்குக் கீழே உள்ள திரவம் பொதுவாக 3ஆம் வகுப்பை, அதாவது எளிதில் தீப்பற்றும் திரவங்களின் வகுப்பைச் சேர்ந்தது. 23 முதல் 60 டிகிரி வரை இருந்தால் பேக்கிங் குரூப் 3, அதாவது அந்த வகுப்புக்குள் குறைந்த அபாய நிலை. எளிதில் தீப்பற்றும் ரெசின் கரைசலுக்கு யூ.என். 1866 என்ற, அபாயப் பொருளை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்ணே உண்டு.

அந்த 14ஆம் பகுதி எந்த விதியை வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுச் சாலை, ரயில் விதிகளில், 38 டிகிரியும் அதற்கு மேலும் ஃப்ளாஷ் பாயின்ட் உள்ள, வேறு அபாயம் இல்லாத திரவத்தை ‘எரியக்கூடிய திரவம்’ என்று மறுவகைப்படுத்தலாம். 450 லிட்டருக்கு மிகாத கலன்களில் சென்றால் பெரும்பாலும் கட்டுப்பாடே இராது. இந்தச் சலுகை பொதுவாகக் கப்பலுக்குப் பொருந்தாது. லாரிக்கு எழுதிய வரியைக் கப்பலுக்கும் அப்படியே விட்டுவிடும் தாள்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் தாளை நீங்களே திருத்தாதீர்கள். வகைப்படுத்தும் பொறுப்பு ஷிப்பருடையது.

மறுமொழி – ஆய்வகத்தார்

மேலே சொன்னது சரி. ஆனாலும் ஷிப்பரை உடனே குற்றம் சாட்டிவிட வேண்டாம். ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரிக்கு மேலிருந்து, தீ தொடர்ந்து எரிவதில்லை என்று உரிய சோதனை காட்டினால், அத்திரவத்தை 3ஆம் வகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை என்ற விலக்கும் அதே விதித்தொகுப்பில் உண்டு. ஆகவே அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 12ஆம் பகுதியையும் படியுங்கள்: நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு என்று அங்கே இருந்து, 14இல் கடல் மாசுப்பொருள் என்ற குறிப்பு இல்லையென்றால் அது இரண்டாவது முரண்.

மறுமொழி – மேல்தளத்தான்

கப்பலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒருமுறை நடுக்கடலில், கன்டெய்னரின் கதவிடுக்கில் பிசின் போன்ற ஏதோ ஒன்று வழிந்து, கரைப்பான் நெடி மூக்கைத் துளைத்தது. சரக்குப் பட்டியலில் அது சாதாரணச் சரக்கு. கரையிலிருந்து தரவுத் தாள் வந்து சேரும்வரை எந்தக் கையுறை, எந்த நுரை, காற்றோட்டத்தைத் திறப்பதா மூடுவதா என்று எதுவும் தெரியாமல் நின்றோம். வந்த தாளும் தீயணைப்பு நிலையத்தை அழைக்கச் சொன்னது.

முறையாக யூ.என். 1866 என்று அறிவித்திருந்தால் எஃப்-இ (தீ), எஸ்-இ (கசிவு) என்ற அவசர அட்டவணைகளைப் பார்த்து முதல் நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கியிருப்போம். அந்தக் கன்டெய்னரை எங்கே அடுக்குவது என்பதையும் ஏற்றும்போதே யோசித்திருப்போம். அபாயச் சரக்கு அறிவிப்புப் படிவத்தில் உரிய பெயரும் வகுப்பும் கையெழுத்தும் வரும்வரை புக்கிங்கை விடாதீர்கள்.

சரக்குமேசை

மூவருக்கும் நன்றி. புக்கிங்கை நிறுத்தி, சோதனை அறிக்கையையும் கடல்வழிக்கென எழுதிய 14ஆம் பகுதியையும் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன்.