ஒரே டிராயிங், ஒரே ஸ்டீல், ஆனா டை ஆயுசு மட்டும் ஏன் இப்படி மாறுது?

ஹாட் ஃபோர்ஜிங்ல (சூட்டு இரும்ப அச்சுல வெச்சு அடிச்சு வடிவம் எடுக்குறது, அந்த அச்சுதான் டை) இருக்குறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க. நான் டூல் ரூம். ரெண்டு டை, ரெண்டுமே ஹெச்13 (சூட்டு வேலைக்கான டூல் ஸ்டீல்), ரெண்டும் 46 ஹெச்ஆர்சி (ஹார்ட்னெஸ் அளவு), ஒரே மெஷின்ல வெட்டுனது. முதல் டை 8000 பீஸ் தாண்டி ஓடுச்சு, ரெண்டாவது 3000 பீஸ் கூட தொடல, உள் ரேடியஸ்ல வெடிப்பு. எல்லாரும் ஸ்டீல் மட்டம்னுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஹார்ட்னெஸ் திரும்ப பாத்தேன், சர்டிஃபிகேட் பாத்தேன், ஒரு தப்பும் இல்ல. கடைசியா ஷிஃப்ட் லாக் புக்க எடுத்து ஒவ்வொரு பக்கமா புரட்டுனப்பதான் தெரிஞ்சுது, ரெண்டாவது டை ஓடுன வாரம் பூரா, பில்லட்ட (அடிக்கப்போற இரும்புத் துண்ட) சூடாக்குற ஹீட்டர் ட்ரிப் ஆகிட்டே இருந்திருக்கு, அரை மணி முக்கா மணின்னு லைன் நின்னிருக்கு, டை நல்லா ஆறிப்போயிருக்கு, ஹீட்டர் வந்ததும் டைய சூடு பண்ணாம நேரா 1200 டிகிரி பில்லட்ட வெச்சு அடிச்சிருக்காங்க.

மேல் தோல் மட்டும் சட்டுனு சூடாகி விரியப் பாக்கும், உள்ள இருக்குற குளிர்ந்த ஸ்டீல் விடாது, அடுத்து டைய ஆத்துற ஸ்ப்ரே அடிச்சா அதே தோல் சுருங்கணும். இது ஒவ்வொரு அடிக்கும் நடக்குறதுதான், ஆனா டை ஆறிக் கெடந்தா அந்த இழுபறி ரொம்ப மோசம், பத்தாததுக்கு ஹெச்13 குளிர்ச்சியா இருக்கும்போது அடி தாங்குற சக்தியும் கம்மி. நாங்க பீஸ் கணக்கு மட்டும் எழுதிட்டு இருந்தோம், எத்தன தடவ நின்னுச்சுன்னு எழுதவே இல்ல.

---

சார் எங்களுக்கு வேற மாதிரி ஆச்சு. ஹேமர்ல ஓடுன பார்ட்ட ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு மாத்துனாங்க, அதே டை மெட்டீரியல். ஹேமர்ல சூட்டு இரும்பு டையத் தொட்டுட்டு இருக்குறது கண் இமைக்கிற நேரம் கூட இல்ல, ஹைட்ராலிக்ல அப்படியே அழுத்திப் பிடிச்சிட்டு இருக்கும். டை மேல்பரப்பு சூடு டெம்பரிங் சூட்டயே (ஸ்டீலோட ஹார்ட்னெஸ செட் பண்ணுன சூடு) தாண்டி, ஸ்டீல் மெத்துனு ஆயிடுச்சு. கார்னர் மழுங்குனத பாத்துட்டு தேய்மானம்னு நெனச்சு ஓவர்சைஸ் பீஸ ரிஜெக்ட் பண்ணிட்டே இருந்தோம், எறக்கி அளந்தா 46 இருந்த எடத்துல 38. அது தேயல, அமுங்கிருக்கு. அதுவும் பாட்டம் டைலதான் அதிகம், பீஸ் அதுமேலயே ஒக்காந்திருக்குல்ல. இப்ப எந்த டை எறங்குனாலும் மொதல்ல ஹார்ட்னெஸ், அப்பறம்தான் கிரைண்டிங்.

---

ஸ்ப்ரே நாசில பாருங்கண்ணே. எங்க டைல எப்பவும் இடது பக்கம் மட்டும் வரிவரியா தேயும். ஸ்ப்ரேல வர்ற வழவழப்புக் கிராஃபைட் காஞ்சு ஒரு நாசில் பாதி அடைச்சிருந்துச்சு, மாசக்கணக்குல யாரும் பாக்கல. செதிலும் (சூட்டு இரும்பு மேல படியுற ஆக்ஸைடு) அப்படித்தான், ஆயில் ஃபர்னஸ்ல நேரம் கூட கெடந்த பில்லட்ல பக்குபக்கா ஒட்டியிருக்கும், அத தட்டிவிடாம அடிச்சா டைக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான். இண்டக்ஷன் ஹீட்டருக்கு (கரன்ட்ல சூடாக்குறது) மாறுனதும் அந்தத் தேய்மானம் பாதிக்கு மேல கொறஞ்சுது.

---

ஈடிஎம்ல (மின்பொறியால வெட்டுறது) வெட்டுன டையா? அப்ப மேல இருக்குற வெள்ளை லேயர (பொறில உருகி உறைஞ்ச தோல்) முழுசா பாலிஷ் பண்ணி எடுத்தீங்களான்னு பாருங்க, அதுலயே நுண்ணிய வெடிப்பு இருக்கும், அத வெச்சுக்கிட்டு நைட்ரைடிங் (மேல்பரப்புல நைட்ரஜன் ஏத்தி கெட்டியாக்குறது) பண்ணா மேல 1000 விக்கர்ஸ் ஹார்ட்னெஸ் வந்தும் பிரயோஜனம் இல்ல, பொருக்கு பொருக்கா உதிரும். நான் பட்டிருக்கேன்.

---

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு டையுமே மில்லிங்ல வெட்டுனதுதான், ஈடிஎம் இல்ல. அந்த நாசில் விஷயம் படிச்சதும் ஓடிப்போய் பாத்தேன், எங்களுதுலயும் ஒண்ணு அடைப்பு! இப்ப லாக் புக்ல ரெண்டு கோடு கூட போட்டுட்டோம், எத்தன தடவ நின்னுச்சு, திரும்ப ஆரம்பிக்கும்போது டை எத்தன டிகிரி. 200க்கு கீழ இருந்தா பர்னர் வெச்சு சூடு பண்ணாம அடிக்கக்கூடாதுன்னு ஆபரேட்டர்கள்கிட்ட ஒக்காந்து பேசினோம். அவங்க கேட்டதும் நியாயம்தான், பீஸ் கணக்கு கொறஞ்சா யார் பதில் சொல்றதுன்னாங்க, சூடு பண்ற அந்த அரை மணி நேரத்த டார்கெட்ல கழிச்சுக்கலாம்னு சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டார். மூணாவது டை நேத்து ராத்திரி 5200. ரேடியஸ்ல வெடிப்பக் காட்டுற செவப்புச் சாயம் (பெனட்ரன்ட்) போட்டு பாத்தேன், செவப்புக் கோடு இன்னும் ஒண்ணும் தெரியல.