உதவி: அதிக சிப்ஸ் தரும் போக்கர் போட்டியில் சேரலாமா?

கிருஷ்ணகிரி:
பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவதை 2025 சட்டம் தடுத்துவிட்டது. அதனால் முதல்முறையாகக் கோவா போய் நேரில் போக்கர் சீட்டு ஆடப் போகிறேன். மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்து கிடைக்கிற லீவு இது. இரண்டு போட்டி பார்த்து வைத்திருக்கிறேன், கையில் ஒன்றுக்குத்தான் காசு. முதலாவதில் 50,000 சிப்ஸ் (பந்தய வில்லைகள்), ப்ளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 500/1,000, லெவலுக்கு 15 நிமிடம், அது முடிந்ததும் ப்ளைண்ட் ஏறும். இரண்டாவதில் 25,000 சிப்ஸ்தான், ப்ளைண்ட் 100/200, லெவலுக்கு 30 நிமிடம். கட்டணம் இரண்டுக்கும் 10,000 ரூபாய். சிப்ஸ் இரட்டிப்பாகத் தருவதால் முதலாவதே நல்லதா அண்ணா?

தர்மபுரி:
வேண்டாம் தம்பி. சிப்ஸை பிக் ப்ளைண்டால், அதாவது இரண்டில் பெரிய ப்ளைண்டால், வகுத்துப் பாருங்கள். முதலாவதில் 50 தான் வருகிறது, இரண்டாவதில் 125. இரண்டு மணி நேரம் கழித்து ப்ளைண்ட் எங்கே நிற்கும்?

கிருஷ்ணகிரி:
முதலாவதில் ஒன்பதாவது லெவல், 5,000/10,000. இரண்டாவதில் ஐந்தாவது லெவல், 300/600.

தர்மபுரி:
அப்படியென்றால், ஆரம்பத்தில் வாங்கிய சிப்ஸ் குறையாமல் இருந்தால்கூட முதலாவதில் 5 பிக் ப்ளைண்ட்தான் மிஞ்சும். ஆல்-இன் போடுவது (மொத்த சிப்ஸையும் வைப்பது), இல்லையென்றால் சீட்டை மடக்குவது, அவ்வளவுதான். இரண்டாவதில் 41 இருக்கும், யோசித்து ஆடலாம். இன்னொன்று, டீலர் கலைத்துப் போடுகிற மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் ஓடும். 15 நிமிடத்தில் ஏழு ஆட்டம்! ஒன்பது பேர் உட்கார்ந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் ப்ளைண்ட் ஏறிவிடும். இப்படி ஒரு போட்டியில் நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே என் சிப்ஸ் மொத்தமும் கரைந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஓசூர்:
கட்டணத்தில் எவ்வளவு பரிசுத்தொகைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். ரீ-என்ட்ரி (தோற்ற பிறகு மறுபடி கட்டணம் கட்டிச் சேர்வது) இருந்தால், ஒரே தடவைதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். தோற்ற சூட்டில் மறுபடி பணம் கட்டத் தோன்றும். ஜெயித்தால் 30% வரி உண்டு.

கிருஷ்ணகிரி:
நன்றி அண்ணா. நேற்று ராத்திரி மச்சானோடு நாலு பேர் புளியங்கொட்டையைச் சிப்ஸாக வைத்து, போனில் 15 நிமிட அலாரத்தோடு முதலாவது போட்டியின் ப்ளைண்ட் பட்டியலை ஆடிப் பார்த்தோம். ஏழாவது அலாரத்தில் மச்சானிடம் ப்ளைண்டுக்குப் போடக் கொட்டை இல்லை. இரண்டாவதில்தான் பெயர் கொடுக்கிறேன். பரிசுத்தொகைக் கணக்கை இன்று போன் போட்டுக் கேட்கிறேன்.