சொந்தங்கள் குழு: ஏற்றத்தில் இழுக்காத வண்டி

செந்தில்: பெரியப்பா, நேற்று குன்னூர் போகும்போது பர்லியார் தாண்டியதும் வண்டியில் இழுவையே இல்லை. மூன்றாம் கியரில் ஏறுகிற இடத்தில்கூட இரண்டு போட்டால்தான் நகர்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் டர்போ போய்விட்டது, மாற்ற 48,000 ஆகும் என்கிறார்கள்.

ராணி அத்தை: அவ்வளவு பணமா? கோத்தகிரி நிச்சயதார்த்தத்துக்கு அந்த வண்டியைத்தானே நம்பி இருக்கோம் கண்ணு.

பெரியப்பா: பணம் எதுவும் கட்டாதே. நான் கேட்பதற்குப் பதில் சொல். ஏறும்போது புகை வந்ததா? என்ன நிறம்?

செந்தில்: நல்ல கருப்பு. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துச் சொன்னார்.

பெரியப்பா: நீலமாக இல்லையே? ஆயில் குறைகிறதா?

செந்தில்: இல்லைங்க. டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே இருக்கிறது.

பெரியப்பா: சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்?

செந்தில்: கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறது. அழுத்தி மிதித்தால் திரும்பவும் படுத்துவிடுகிறது. மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது. மிதிக்கும்போது முன்பக்கம் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வேறு.

பெரியப்பா: அப்படியென்றால் டர்போவில் யாரையும் கை வைக்க விடாதே. டர்போ ஆயிலைக் குடித்தால் நீலப் புகை வரும். கருப்புப் புகை என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. டர்போ அமுக்கிய காற்று இன்ஜினுக்குப் போகும் வழியிலேயே எங்கோ கசிகிறது. டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின். நடுவில் இருப்பதெல்லாம் ரப்பர் ஹோஸ். 2011 மாடல் வண்டியில் அந்த ரப்பருக்கு வயதாகிவிட்டது.

பிரபு மாமா: எனக்கு இதே மாதிரி வந்தபோது டீசல் ஃபில்டர் மாற்றியதும் சரியாயிற்றே?

பெரியப்பா: உங்கள் வண்டியில் புகை வந்ததா மாப்பிள்ளை?

பிரபு மாமா: இல்லைங்க மச்சான். இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா: அதுதான் வித்தியாசம். ஃபில்டர் அடைத்தால் டீசல் குறையும், இழுவை போகும், புகை வராது. புகையைப் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

கவிதா அக்கா: அப்பா சொல்வது சரி. ஏன் கருப்பாக வருகிறது என்று நான் சொல்கிறேன். ஏர் ஃபில்டரை ஒட்டி ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே வரும் காற்றை அளப்பது அதுதான். அந்த அளவை வைத்துத்தான் எவ்வளவு டீசல் வரை விடலாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஹோஸ் கிழிந்திருப்பதோ அதற்கு அப்புறம். கணக்கில் ஏறிய காற்று பாதி வழியில் வெளியே போய்விடுகிறது, டீசல் மட்டும் முழுதாக இறங்குகிறது. எதிர்பார்த்த அழுத்தம் வராததால் கம்ப்யூட்டர் ‘லிம்ப் மோடு’ என்கிற பாதுகாப்பு நிலைக்குப் போய் சக்தியைக் குறைக்கிறது. அதனால்தான் அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் திரும்பி வருகிறது. தம்பி, வண்டி கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டுகிற புளூடூத் ஸ்கேனர் உன்னிடம் இருக்கிறதல்லவா?

செந்தில்: இருக்குது அக்கா. பி0299 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது.

கவிதா அக்கா: பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தம், குறைவு என்று அர்த்தம். டர்போ கெட்டது என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. பலர் இங்கேதான் அவசரப்பட்டு டர்போவை மாற்றுகிறார்கள். பாதிக் காற்று வெளியே போனால் நல்ல டர்போவுக்கும் இதே குறியீடு வரும். இப்போது இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, இன்டேக் அழுத்தம் எவ்வளவு என்று பார்.

செந்தில்: 97 கிலோபாஸ்கல்.

கவிதா அக்கா: கோயம்புத்தூர் உயரத்துக்கு அதுதான் வர வேண்டும். சென்சார் பொய் சொல்லவில்லை. இனி காலி ரோட்டில் மூன்றாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதி. பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும், நீ பார்க்காதே. இந்த மாதிரி டீசலில் ஏறக்குறைய 200 தொட வேண்டும்.

செந்தில்: 130ஐத் தாண்டவில்லை அக்கா. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஹோஸெல்லாம் பார்த்தோம், கசிவே இல்லை என்றார்கள். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தார்கள்.

பெரியப்பா: நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் டர்போ பெரிதாக அமுக்காது. சுமை இருந்தால்தான் அழுத்தம் ஏறும். சும்மா இருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கிற கிழிசல், ஏற்றத்தில்தான் வாயைத் திறக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார். ஆயில் பிசுக்கில் மண் ஒட்டின இடம் இருந்தால் அதுதான். லேசான ஆயில் ஈரம் உள்ளே இருப்பது சகஜம், அதற்குப் பயப்படாதே.

பிரபு மாமா: கண்ணுக்குத் தெரியவில்லை என்றால்?

பெரியப்பா: டர்போவின் காற்று வாயை அடைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் வைத்து முக்கால் பார் மட்டும் விட்டுச் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் விட்டால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும்.

*செந்தில் ஒரு படம் அனுப்பினார்*

செந்தில்: பெரியப்பா, கிடைத்துவிட்டது. இன்டர்கூலரிலிருந்து மேலே போகும் ஹோஸ், கிளாம்ப் பக்கத்தில் அடியில் விரல் நீளம் கிழிசல். வளைத்தால்தான் தெரிகிறது.

பெரியப்பா: டேப் சுற்றி ஓட்டாதே, சூட்டில் பிடிக்காது. புது ஹோஸும் இரண்டு புதுக் கிளாம்பும் வாங்கு. மாட்டுவதற்கு முன் டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார். பக்கவாட்டில் துளி அசையலாம். முன்னும் பின்னும் அசையவே கூடாது.

செந்தில்: பக்கவாட்டில் லேசாக. முன்பின் துளியும் இல்லை.

பெரியப்பா: அப்போ டர்போ நன்றாகத்தான் இருக்கிறது.

ராணி அத்தை: 48,000 மிச்சம். முருகா!

செந்தில்: மாட்டிவிட்டேன். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினோம். அதே ரோடு, அதே கியர், 208. புகையும் இல்லை. ஹோஸ், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 2,600 ஆயிற்று.

கவிதா அக்கா: அருமை தம்பி. இத்தனை நாள் கரிப்புகையோடு ஓடியதால், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வில் கரி படிந்திருக்கும், அடுத்த சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல். கோத்தகிரியில் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் 82 பக்கம்தான் காட்டும். அங்கே காற்றே அவ்வளவுதான், பயந்துவிடாதே.

பெரியப்பா: மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காதே. ஒரு நிமிடம் ஐடிலில் விடு. டர்போ ஏற்றத்தில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும், அதைக் குளிர்விப்பது ஆயில்தான். இன்ஜின் நின்றால் ஆயிலும் நின்றுவிடும்.

செந்தில்: சரிங்க பெரியப்பா. அத்தை, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன்.

ராணி அத்தை: ஐந்தரைக்கே வா கண்ணு, பூக்கூடை ஏற்ற வேண்டும்.